பவளப்பாறையை மீட்கும் வேலையில் ஊர்க்காரர்களுக்கு என்ன பங்கு?

கீழக்கரைத்தம்பி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் இருக்கிற ஒரு மீனவ ஊரில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். போன மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து பேசினார்கள். சி.எஸ்.ஆர். நிதியில் (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) பவளம் நடும் திட்டம் வைத்திருக்கிறார்களாம். ஜூன் 8, உலகக் கடல் தினத்தன்று நிகழ்ச்சி. அவர்கள் ஊழியர்கள் ஐம்பது பேர் வருவார்கள். நாங்கள் படகு பிடித்துத் தர வேண்டும், எங்கள் பையன்கள் முங்கிப் போய் பவளத்துண்டுகளை சிமெண்ட் பலகையில் கட்டி வைக்க வேண்டும். படகு வாடகையும் அன்றைய கூலியும் கொடுத்துவிடுவார்கள்.

மன்றத்தில் பாதிப் பேர் செய்யலாம் என்கிறார்கள். பாரில் (பவளப்பாறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மீன் குறைந்துகொண்டே போகிறது, யாராவது ஏதாவது செய்ய முன்வந்தால் ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். மீதிப் பேர், நட்டுவிட்டு அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு அதை யார் பார்ப்பது என்று கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு வேறொரு வருத்தம். “தீவுப் பக்கம் வராதே என்று இத்தனை வருடம் நம்மை விரட்டிவிட்டு, இப்போது நம் பிள்ளைகளையே நடக் கூப்பிடுகிறார்களா?” என்று கேட்டார் ஒரு தாத்தா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது சட்டப்படி சரியா? உண்மையிலேயே பலன் தருமா? ஒத்துக்கொள்வதாக இருந்தால் அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

சட்டத்துணை

தம்பி, முதலில் அனுமதிக் கடிதம். அது இல்லாமல் ஒரு பையனைக்கூட தண்ணீரில் இறக்காதீர்கள்.

கல்பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. ஒரு துண்டை ஒடித்தாலே குற்றம், அதை நல்ல நோக்கத்தோடு ஒடித்தேன் என்பது நீதிமன்றத்தில் நிற்காது. அதோடு உங்கள் எதிரில் இருக்கிற 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் கடலும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதியும், பொறுப்பேற்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் இல்லாமல் எவரும் நட முடியாது. (10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் என்பது வேறு, அதில் பெரும்பகுதியில் தொழில் செய்யத் தடையில்லை. இரண்டையும் குழப்பித்தான் பல தகராறுகள் வருகின்றன.)

வழக்கு என்று வந்தால் நிறுவனத்தின் பெயர் பின்னால்தான் வரும். படகு யாருடையது, ஒடித்த கை யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

நெய்தல்நிலா

தூத்துக்குடியில் கடல் உயிரியல் படிக்கிறேன். பலன் தருமா என்ற கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

மன்னார் வளைகுடாவில் இது புதிய வேலை இல்லை. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002லிருந்தே செய்துவருகிறது. ஆரோக்கியமான தாய்ப்பவளத்திலிருந்து விரல் நீளத்துக்குச் சிறு துண்டுகள் எடுத்து, சிமெண்ட் பலகையில் கட்டி, அந்தப் பலகையை ஒரு சட்டத்தின் மேல் வைப்பார்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைப்பதுதான் முக்கியம், இல்லாவிட்டால் மணலும் வண்டலும் மூடிவிடும். துண்டு பிழைத்துக்கொண்டால் தானே பலகையைப் பற்றிக்கொண்டு பரவத் தொடங்கும். கிளை விடும் அக்ரோபோரா வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். பெருங்கல்லாகத் திரளும் போரைட்டஸ் ஒரு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அதனால்தான் எல்லோரும் கிளைப்பவளத்தையே நடுகிறார்கள், இரண்டு வருடத்தில் காட்டுவதற்குப் படம் கிடைத்துவிடும்.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பவளம் என்பது லட்சக்கணக்கான சின்னஞ்சிறு விலங்குகள் சேர்ந்து கட்டும் வீடு. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலை வைத்து உணவு சமைத்துக் கொடுக்கிறது. கடல்நீர் தாங்கும் அளவுக்கு மேல் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறிப் பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், வாரக்கணக்கில் நீடித்தால் செத்துவிடும். நம் கடலில் அந்தச் சூடு உச்சத்துக்குப் போவது ஏப்ரல் முதல் ஜூன் வரை.

இப்போது அவர்கள் சொன்ன தேதியைப் பாருங்கள். ஜூன் 8. வெளிறல் நடக்கும் காலத்திலேயே தாய்ப்பவளத்தை ஒடித்து, காயம்பட்ட துண்டை நடப் போகிறார்கள். அதற்குள் கச்சான் காற்றும் (மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று) தொடங்கித் தண்ணீர் கலங்கியிருக்கும், கை நீட்டினால் விரல் தெரியாது. இந்தத் தேதியைக் குறித்தவருக்கு இந்தக் கடலைத் தெரியாது என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

தருவைக்குளத்தான்

நட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதையும் பேச வேண்டும்.

எங்கள் பக்கம் அறுபதுகளிலிருந்து பாரை உடைத்துக் கல் எடுத்தார்கள். என் அப்பாவும் அந்த வேலைக்குப் போனவர். கடப்பாரையால் நெம்பி, வள்ளத்தில் ஏற்றி, கரையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கார்பைடு தொழிற்சாலைக்கும் போகும். ஊர் முழுக்க வீடு கட்டிய சுண்ணாம்பு அதுதான். அப்போது அதைத் தப்பு என்று எவரும் சொல்லித்தரவில்லை, ஏலம் எடுத்துச் செய்த தொழில். 2001இல் சட்டம் வந்தது. இருந்தாலும் முழுதாக நின்றது ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 வாக்கில்தான். கடல் கரையைத் தாண்டி வந்ததைப் பார்த்த பிறகு, எதிரில் பார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மன்னார் வளைகுடாவில் சுமார் 110 சதுர கிலோமீட்டர் பார் இருந்ததில் 32 சதுர கிலோமீட்டர் சீரழிந்துபோனதாகக் கணக்கு, அதில் பெரிய பங்கு கல் எடுத்ததால். எங்கள் பக்கத்து விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. உங்கள் பக்கம் பூவரசன்பட்டி. வான் தீவு அறுபதுகளின் கடைசியில் 16 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தது, 2015 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. பார் போனால் அலையைத் தடுக்க ஆள் இல்லை, தீவு கரைகிறது, தீவு போனால் அடுத்தது ஊர்.

வான் தீவுக்கு முன்னால் இப்போது துளை போட்ட பெரிய சிமெண்ட் கட்டமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள். காலநிலை மாற்றத்துக்கான தேசிய நிதியில், சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வடிவமைத்தது. அலை வேகம் குறைந்து மணல் சேர்கிறது, சிமெண்டில் பவளக்குஞ்சுகள் தாமாகவே ஒட்டி வளர்கின்றன. ஒருவரும் நடாமலே வளர்வதைப் பார்க்கும்போது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

வெயில்

எல்லோரும் நல்ல மனதோடு பேசுகிறீர்கள். ஆனால் பெரிய கணக்கைப் பார்க்க வேண்டும்.

2016 கோடை வெளிறலில் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23க்கு இறங்கியது. ஒரே கோடையில். அதற்கு முன் 2010இல் ஒரு அடி, 1998இல் ஒரு அடி. இதற்கு எதிரில் ஒருநாள் நிகழ்ச்சியில் நடும் சில நூறு துண்டுகள் எம்மாத்திரம்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பாருங்கள். பணம், கப்பல், விஞ்ஞானிகள் எதற்கும் குறைவில்லாத இடம். பல வருடமாகக் கடலுக்குள் நாற்றங்கால் போட்டுப் பவளம் வளர்த்தார்கள். 2023 ஜூலையில் கரையோரம் ஒரு மிதவைக் கருவியில் தண்ணீர் 38 டிகிரியைத் தாண்டியது. நாற்றங்காலில் இருந்த பவளங்களை அவசர அவசரமாக அள்ளிக் கரையில் தொட்டிகளுக்கு மாற்றினார்கள். நட்டு வைத்த இடங்கள் சிலவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2024 ஏப்ரலில், உலகம் முழுதும் பரவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்தார்கள்.

இன்னொன்று. உலகம் முழுக்க நடந்த மீட்புத் திட்டங்களை ஆராய்ந்து 2020இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. நட்ட துண்டுகளில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு பிழைக்கிறதாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பத்தில் ஆறு திட்டங்கள் ஒன்றரை வருடத்துக்கு மேல் திரும்பிப் பார்க்கவே இல்லை. திட்டங்களின் பரப்பளவில் நடுமதிப்பு 100 சதுர மீட்டர். ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடம் அளவுகூட வராது.

கடலைச் சூடாக்கும் புகையைக் குறைக்காமல் பவளம் நடுவதால், புகை விடுகிறவருக்கு ஒரு நல்ல படம் கிடைக்கிறது. உங்கள் ஊரைத் தேடி வந்தவர்களின் தொழில் என்ன என்று விசாரித்தீர்களா, தம்பி?

நெய்தல்நிலா

வெயில் அண்ணே, எண்களை மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பாரும் ஒரே மாதிரி கெடவில்லை. வெளிறிச் செத்த பாரில் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. பக்கத்தில் உயிரோடு பவளம் இருந்தால், முட்டைவிடும் பருவத்தில் வரும் குஞ்சுகள் அந்தக் கல்லில் உட்கார்ந்து தாமாகவே மீளும். அங்கே நடுவது பெரும்பாலும் வீண் செலவுதான்.

கல்லை உடைத்து எடுத்த இடத்தில் மிச்சமிருப்பது உடைசலும் மணலும். அலையடித்தால் உருளும். குஞ்சு உட்கார்ந்தாலும் நசுங்கிவிடும். அங்கே எத்தனை வருடம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது, ஆடாத ஒரு தளம் கொடுத்தே ஆக வேண்டும். மன்னார் வளைகுடாவின் சோகம் இந்த இரண்டாவது வகை. புகை உலகத்தோடு சேர்ந்து தீர வேண்டிய பிரச்சினை, உடைசல் நம் கரையிலேயே தீர்க்கக் கூடியது. ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிட வேண்டாமே.

தெற்குக்கடல்

இந்தோனேசியாவில் கடல்முழுக்குப் பயிற்றுநராக இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். நிலா சொன்னதற்கு இங்கே சாட்சி இருக்கிறது.

தெற்கு சுலவேசியில் வெடி வைத்து மீன்பிடித்ததால் பார்கள் உடைசல் மேடாகிப் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. அங்கே ஆறு முனைகள் கொண்ட இரும்புச் சட்டங்களுக்கு மணல் பூசி, பவளத்துண்டுகளைக் கட்டி, ஒன்றோடொன்று பிணைத்துக் கடலடியில் விரித்தார்கள். பாடி, பொந்தோசுவா போன்ற சிறு தீவுகளின் மக்கள்தான் சட்டத்துக்கு மணல் பூசுவது முதல் கடலில் இறக்குவது வரை செய்கிறார்கள், கூலி வாங்கிக்கொண்டு. நான்கு ஆண்டுகளில் அந்தப் பார் வளரும் வேகம் பக்கத்தில் இருக்கும் நல்ல பாருக்குச் சமமாகிவிட்டது என்று 2024இல் ஆய்வு வெளியானது. அதே ஆய்வு ஒரு எச்சரிக்கையும் சொல்கிறது: அங்கே இருப்பது பெரும்பாலும் கிளைப்பவளம், அடுத்த வெளிறலில் முதலில் அடிபடுவதும் அதுதான்.

இன்னொரு இடம் பாலித் தீவின் பெமுத்தெரான். வெடியும் சயனைடும் போட்டு நாசமான கடல். 2000இல் இரும்புச் சட்டங்களை இறக்கி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சிப் பவளம் வளர்த்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அந்த மின்சாரத்தைத்தான் ஆச்சரியமாக எழுதுவார்கள். எனக்கு ஆச்சரியம் வேறு. பாலியில் கோயில் திருவிழாவுக்கும் ஊர்க் காவலுக்கும் பெச்சாலாங் என்று ஊரே நியமிக்கும் காவலர்கள் உண்டு. அந்த வழக்கத்தைக் கடலுக்கும் நீட்டித்தார்கள். வெடி போட வந்தவனைப் பிடித்தது சர்க்கார் படகு இல்லை, ஊர்க்காவல். வெடி நின்றதால்தான் நட்டது பிழைத்தது. 2012இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

திருமலையான்

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவின் மற்றக் கரை எங்களுடையது, ஆகவே நானும் கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

தருவைக்குளத்து அண்ணை சொன்ன ஆழிப்பேரலைக் கதைக்கு எங்கள் நாட்டில் ஒரு கொடிய சான்று உண்டு. தெற்கில் ஹிக்கடுவவில் முருகைக்கற்பார் (நீங்கள் பவளப்பாறை என்பது) பாதுகாக்கப்பட்டிருந்தது. 2004இல் அங்கே அலை இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வந்து, கரையிலிருந்து ஏறக்குறைய ஐம்பது மீட்டரோடு நின்றது. சில கிலோமீட்டர் வடக்கே பெரலிய. அங்கே சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை அகழ்ந்து எடுத்திருந்தார்கள். அலை ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போனது. பயணிகளோடு ரயிலைப் புரட்டிப் போட்டது அந்த இடத்தில்தான். பிறகு வந்த ஆய்வாளர்கள் இரண்டு இடத்தையும் அளந்து, கல் அகழ்ந்ததற்கும் அழிவுக்கும் இருந்த தொடர்பை எழுதினார்கள்.

கல் எடுத்தவர்கள் வசதியானவர்கள் இல்லை. வேறு தொழில் கிடையாத குடும்பங்கள். ஆகவே எங்கள் பக்கமும் உங்கள் பக்கமும் கேள்வி ஒன்றுதான்: பாரை உடைத்துச் சம்பாதித்த காசுக்குப் பதிலாக, பாரைக் காத்தால் எவ்வளவு கிடைக்கும்? இதற்கு விடை சொல்லாத திட்டம் எதுவும் ஓடாது.

பாம்பன்மகள்

இவ்வளவு நேரம் வாசித்தேன். பாருக்கு மிக அருகில் தினமும் இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் அம்மா, பெரியம்மா, அத்தை எல்லோரும் கடற்பாசி எடுக்கிறவர்கள்.

ராமநாதபுரம் கரையோரம் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு முங்குவார்கள். சிலிண்டர் எதுவும் கிடையாது, மூச்சுதான். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி வகைகளை எடுப்பார்கள். மரிக்கொழுந்து வளர்வது செத்த பவளக்கல் மேல். அதனால் எந்தக் கல்லில் உயிர் இருக்கிறது, எது செத்தது, எந்தப் பக்கம் இந்த வருடம் வெளுத்திருக்கிறது, எங்கே வலை சிக்கிக் கிடக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆராய்ச்சிப் படகு வருவதற்கு முன்பே வெளுத்ததைப் பார்த்துவிட்டு வந்து அம்மா சொல்வார்.

பூங்கா வந்த பிறகு அவர்களைத்தான் முதலில் குற்றவாளிகளாகப் பார்த்தார்கள். பையைப் பிடுங்குவது, படகை நிறுத்துவது, அபராதம் போடுவது எல்லாம் நடந்தது. அதற்குப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சங்கமாகச் சேர்ந்தார்கள். தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கல்லைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டார்கள், கையால் மட்டும் எடுப்பது என்றானது. மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மொத்தம் பன்னிரண்டு நாள்தான் தொழில். கோடையில் மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி நாற்பத்தைந்து நாள் பாசிக்கும் ஓய்வு. இதை எந்த அதிகாரியும் உத்தரவு போட்டுக் கொண்டுவரவில்லை. எங்கள் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள், இந்தப் போராட்டத்துக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்துத்தான்.

ஊர்ப் பங்கேற்பு என்றால் எனக்குத் தெரிந்தது இது. வெளியூர்க்காரர் வகுத்த திட்டத்துக்குப் படகு ஓட்டிக் கொடுப்பதைக் கூலி வேலை என்று சொல்லலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் அதைப் பங்கேற்பு என்று விளம்பரம் செய்யக் கூடாது. எங்கே நடுவது, எங்கே நடக் கூடாது, எந்தப் பாரை எத்தனை மாதம் தொடாமல் விடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் பாசி எடுக்கும் பெண்கள் உட்கார வேண்டும்.

கீழக்கரைத் தம்பி, உங்கள் மன்றத்தில் பெண்கள் எத்தனை பேர்?

சுக்கான்

நான் விசைப்படகில் வேலை செய்கிறேன். எங்களைத் திட்டப் போகிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) பாரில் ஏறினால் பவளம் நொறுங்கும். உண்மை. கரைக்குப் பக்கத்தில் இழுக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் டீசல் விலைக்கும் பிடிபடும் மீனுக்கும் கட்டுப்படியாகாதபோது படகு உள்ளே வருகிறது, வந்ததை நானே பார்த்திருக்கிறேன். ராமேஸ்வரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பிரித்து வைத்தது வனத்துறை சொல்லி வந்ததில்லை, இரண்டு தரப்பும் மோதி, பேசி, வந்த ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தையும் எல்லோரும் சேர்ந்து பொறுத்துக்கொள்கிறோம். பேசினால் நாங்களும் கேட்போம். பார் இருக்கிற இடத்தில் மிதவை கட்டி அடையாளம் வையுங்கள், இரவில் எங்களுக்குத் தெரிய வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினால் சுக்கான் பிடிப்பவனுக்கு எப்படித் தெரியும்?

பாரில் சிக்கிக் கிடக்கும் தங்கூசி (நைலான் நரம்பு) வலைகளைப் பற்றியும் பேசுங்கள். அதை எடுப்பதற்குக் காசு கொடுத்தால் நாங்களே கூட்டமாக வந்து எடுத்துத் தருவோம்.

மண்டபம்வாசி

மாற்றுத் தொழில் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். மாற்றுத் தொழிலே பாரைக் கொன்ற கதை இங்கே இருக்கிறது.

கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. தொண்ணூறுகளில் ஆராய்ச்சிக்காக மண்டபத்துக்கு வந்தது. பிறகு மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் தொழிலானது. பெண்களுக்கு நல்ல வருமானம், நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் 2008இல் குருசடைத் தீவில் அது உயிர்ப்பவளத்தின் மேலேயே போர்வையாகப் படர்ந்திருப்பதைக் கண்டார்கள். அடியில் இருந்த பவளத்துக்கு வெளிச்சம் இல்லை, மூச்சு இல்லை. பிடுங்கினால் ஒரு சின்னத் துண்டு மிஞ்சினாலும் திரும்ப வளர்கிறது. வனத்துறை ஆள் வைத்து இன்னும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பாம்பன்மகள்

அதைக் கொண்டுவந்தது பெண்கள் இல்லை அண்ணே. வளர்க்கச் சொல்லிக் கடன் கொடுத்தவர்களும் அவர்கள் இல்லை. பாக் நீரிணைப் பக்கம் இன்றும் அந்த மிதவையை நம்பித்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒரு நாளில் நிறுத்து என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

மண்டபம்வாசி

பெண்களைக் குறை சொல்லவில்லை, தங்கச்சி. தீவுகளுக்குப் பக்கத்தில் வளர்க்கக் கூடாது, அறுந்து மிதக்கும் துண்டுகளை அள்ளும் பொறுப்பை வாங்குகிற நிறுவனம் ஏற்க வேண்டும், நம் ஊர் கஞ்சிப்பாசியை வளர்க்க அதே அளவு ஆதரவு தர வேண்டும். இந்த மூன்றையும்தான் கேட்கிறேன். பவளம் நட ஒரு கை, அதை மூடும் பாசிக்கு மானியம் தர இன்னொரு கை என்று இருக்கக் கூடாது.

ஆழ்முக்குளி

சங்கு குளிக்கிற குடும்பம் என்னுடையது. மீட்புத் திட்டம் ஒன்றில் சில காலம் கூலிக்கு வேலை செய்தேன். நடுவது மிகச் சின்ன வேலை. ஒரு கன்றை நட்டால் வேலி கட்டி, தண்ணீர் ஊற்றி, ஆடு வராமல் பார்ப்பதுதானே பெரிய வேலை, அதுபோலத்தான் இதுவும்.

நட்ட முதல் சில மாதங்கள் பாசி மூடிக்கொண்டே இருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷால் பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பவளத்தைத் தின்னும் சிறு நத்தைகள் வரும், கையால் பொறுக்க வேண்டும். கச்சான் காற்றில் சட்டம் சாயும், நிமிர்த்திக் கட்ட வேண்டும். கட்டு தளர்ந்த துண்டு ஆடிக்கொண்டே இருந்தால் ஒட்டவே ஒட்டாது. ஓராவும் கிளிமீனும் அந்தப் பக்கம் நிறைய இருந்தால் பாசியை அவையே மேய்ந்துவிடும், நமக்குப் பாதி வேலை மிச்சம். அந்த மீன்களைக் கொஞ்ச காலம் பிடிக்காமல் விட ஊர் ஒத்துக்கொண்டால் அது ஆயிரம் துண்டு நடுவதற்குச் சமம்.

நான் வேலை செய்த திட்டத்தில் நடுவதற்குப் பணம் இருந்தது, பிறகு போய்ப் பார்ப்பதற்கு இல்லை. படகுக்கு டீசல் கொடுக்க ஆள் இல்லாமல் பலகைகள் வண்டலுக்குள் போயின. போய்ப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆகவே தம்பி, ஐம்பது பேர் செலவில் ஒரு நாள் நடுவதற்குப் பதிலாக, உங்கள் ஊரில் நான்கு பேருக்கு இரண்டு வருடச் சம்பளம் கேளுங்கள். மாதம் இரண்டு முறை போய்ப் பார்க்க, சுத்தம் செய்ய, படமெடுத்துக் குறித்து வைக்க. நான்கில் இரண்டு பேர் பாசி எடுக்கும் பெண்களாக இருக்கட்டும், எங்களைவிட அவர்களுக்குக் கண் கூர்மை.

வெயில்

ஆழ்முக்குளி சொல்கிற மாதிரி நடந்தால் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளைப்பவளம் மட்டும் வேண்டாம், மெதுவாக வளரும் கல்வகைகளும் இருக்கட்டும், அவை சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகின்றன. 2016இல் வெளுக்காமல் தப்பிய தாய்ப்பவளங்கள் எங்கே இருக்கின்றன என்று ஊர்க்காரர்களைக் கேட்டு அடையாளம் வையுங்கள். நடுவதற்கு விதை என்று ஒன்று தேவையென்றால் அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கீழக்கரைத்தம்பி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஊர்க்கூட்டம் போட்டோம். பாம்பன்மகள் அக்கா கேட்டது மனதில் இருந்ததால் பாசி எடுக்கும் அம்மாக்களையும் கூப்பிட்டோம், பதினைந்து பேருக்கு மேல் வந்தார்கள். முதல் தடவையாக அவர்கள் பேசிக் கேட்டேன். எங்கள் ஊருக்கு நேர் எதிரே நிறுவனம் காட்டிய இடத்தில் பவளம் நன்றாகத்தான் இருக்கிறது, அங்கே நட ஒன்றுமில்லை, அதற்கு மேற்கே உடைசலாகக் கிடக்கும் திட்டில்தான் எதுவும் முளைப்பதில்லை என்று சொன்னார்கள். நெய்தல்நிலா எழுதியதை அவர்கள் வாயால் கேட்ட மாதிரி இருந்தது.

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். வனத்துறை அனுமதியும் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்புக் கடிதமும் இல்லாமல் இறங்க மாட்டோம். ஜூன் மாதம் முடியாது, கச்சான் அடங்கித் தண்ணீர் தெளிந்த பிறகுதான். முதல் வருடம் நடவே வேண்டாம்: சிக்கிய வலைகளை எடுப்பது, பாருக்கு மிதவை அடையாளம் கட்டுவது, மாதாமாதம் பார்த்து எழுதி வைப்பது மட்டும். அதற்கு நான்கு பேருக்கு இரண்டு வருடச் சம்பளம். நடுவதா வேண்டாமா என்று அந்தக் குறிப்பைப் பார்த்து ஊரும் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து முடிவு செய்யும். சுக்கான் அண்ணன் சங்கத்துக்கும் மிதவை விஷயமாக ஒரு நகல் அனுப்பியிருக்கிறோம்.

நிறுவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால்? தாத்தாவிடம் கேட்டேன். வலை எடுக்க எவன் அனுமதியும் பணமும் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, பூங்கா எல்லைக்கு வெளியே கிடப்பதை நாமே எடுப்போம் என்றார். பதினைந்து நாளில் அதைத் தொடங்குகிறோம்.

ஆழ்முக்குளி

கத்தரியும் கோணிப்பையும் கொண்டு வாருங்கள். உயிர்ப்பவளத்தில் சுற்றியிருக்கும் வலையை இழுக்காதீர்கள், கிளையோடு ஒடிந்து வரும். சின்னச் சின்னதாக வெட்டி எடுக்க வேண்டும். ஒருவர் வெட்ட, ஒருவர் பிடிக்க, மேலே ஒருவர் படகில் கட்டாயம் இருக்க வேண்டும். தேதி சொன்னால் நானும் என் தம்பியும் வந்துவிடுகிறோம்.

பாம்பன்மகள்

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அமாவாசையை ஒட்டிய நாட்களில் வைக்காதீர்கள் என்கிறார். அன்று பெண்கள் தொழிலுக்குப் போவார்கள், உங்களோடு வர ஆள் இருக்காது. அஷ்டமி நவமியில் நீரோட்டமும் குறைவாக இருக்கும், அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரைத்தம்பி

சரி அக்கா, அடுத்த அஷ்டமிக்கு வைத்துவிடுகிறோம். சட்டத்துணை அண்ணே, பூங்கா எல்லையின் கோடு எங்கள் ஊருக்கு நேரே எங்கே வருகிறது என்று கீழக்கரை வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேட்க ஒரு மனு மாதிரி அனுப்ப முடியுமா?